பாலைவனத்துக்குப் போகட்டும் என்பது பதிலாகாது

2023 ஜூலை 26 அன்று கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் பச்சைப் பயிர் நின்ற வயல்களுக்குள் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின. நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் இரண்டாம் சுரங்கத்தை விரிவாக்கப் பரவனாற்றைத் திருப்பிவிட வேண்டும். அதற்கான கால்வாய் அந்த வயல்கள் வழியாகத்தான் போகிறது. 2006 முதல் 2013 வரை நிலம் எடுக்கப்பட்டு இழப்பீடும் கொடுத்தாகிவிட்டது என்றது நிறுவனம். நடவு நட்டபோது சும்மா இருந்துவிட்டுக் கதிர் வரும் நேரத்தில் அழிப்பதா என்று கேட்டார்கள் விவசாயிகள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தரும்படி உத்தரவானது. இப்படி ஒவ்வொரு முறை விளைநிலத்துக்கு ஆபத்து வரும்போதும் நம் பக்கத்திலிருந்து ஒரு பேச்சு எழுகிறது: நிலக்கரி வேண்டுமென்றால் ராஜஸ்தான் பாலைவனத்தில் போய்த் தோண்டட்டும், அங்கே யாருக்கு என்ன நஷ்டம்? வளையமாதேவியின் நியாயத்தில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த வாதம் அந்த நியாயத்தையே பலவீனப்படுத்துகிறது என்பது என் கருத்து. காரணம், நாம் கைகாட்டும் பாலைவனத்தில் ஊர்கள் இருக்கின்றன. அதே என்.எல்.சி. அங்கேயும் இருக்கிறது.

பிகானேர் மாவட்டத்தில் பர்சிங்சர் என்ற ஊரில் என்.எல்.சி. ஆண்டுக்கு 21 லட்சம் டன் பழுப்பு நிலக்கரி எடுக்கும் திறனுள்ள சுரங்கத்தையும், 250 மெகாவாட் அனல் மின் நிலையத்தையும் நடத்துகிறது. பக்கத்து ஊர் பலானா. அங்கே 1896-ல் கிணறு வெட்டும்போது நிலக்கரி தட்டுப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் பிகானேர் சமஸ்தானம் சுரங்கத்தைத் தொடங்கிவிட்டது. நெய்வேலியிலும் 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோதுதான் கறுப்புப் பொருள் வெளிப்பட்டது. தண்ணீர் தேடித் தோண்டிய இரண்டு ஊர்களிலும் நிலக்கரி கிடைத்து, அதுவே ஊரின் தலையெழுத்தானது. சற்றுத் தெற்கே தேஷ்னோக். கரணி மாதா கோயிலும், அதன் பெயரால் காக்கப்படும் இலந்தைக் காடும் அங்கே இருக்கின்றன. மேற்கே கோலாயத், கபில முனிவர் பெயரால் ஏரியும், கார்த்திகைப் பௌர்ணமித் திருவிழாவும் உண்டு. வரைபடத்தில் வெறும் மஞ்சள் நிறமாகத் தெரியும் இந்தப் பகுதியில் ஆடு, மாடு, ஒட்டகம் வளர்ப்போரும், கம்பு, நரிப்பயறு விதைப்போரும் ஊர் ஊராக வாழ்கிறார்கள். உலகப் பாலைவனங்களில் மக்கள் நெருக்கம் மிகுந்த ஒன்று தார்.

ஆண்டுக்கு 300 மில்லிமீட்டரைக்கூடத் தாண்டாத மழையில் இத்தனை பேர் எப்படி வாழ முடிகிறது? பதில் மண்ணுக்கடியில் இருக்கிறது. பிகானேரின் பல இடங்களில் மணலுக்குக் கீழே ஜிப்சம் அடுக்கு ஒன்று ஓடுகிறது. அதற்கும் கீழே இருக்கும் நிலத்தடி நீர் உப்பு. மழைநீர் மணலில் இறங்கி, அந்த ஜிப்சத்தைத் தாண்ட முடியாமல், உப்புநீரோடு சேராமல் ஈரமாகவே தங்கிவிடுகிறது. இதைக் கண்டுகொண்ட மக்கள், ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து வெட்டும் அளவே அகலமுள்ள குழியை ஆழமாக இறக்குகிறார்கள். குயீ என்று அதற்குப் பெயர். சுற்றியுள்ள மணலின் ஈரம் துளித்துளியாக உள்ளே கசிகிறது; நாளெல்லாம் காத்திருந்தால் இரண்டு மூன்று குடம் நல்ல தண்ணீர். குயீ ஒரு வீட்டுக்குச் சொந்தமாக இருக்கலாம். ஆனால் ஈரம் சேர்கிற நிலம் ஊர்ப்பொது. புதிய குயீ தோண்ட வேண்டுமானால் ஊர் சம்மதிக்க வேண்டும், ஏனென்றால் இருக்கிற ஈரத்தைத்தான் இன்னொரு பங்கு போட வேண்டும். அனுபம் மிஸ்ரா ராஜஸ்தானின் நீர் மரபைப் பற்றி 1995-ல் எழுதிய நூலில் இந்த ஏற்பாட்டை விரிவாகச் சொல்லியிருக்கிறார். சுரங்கத்துக்காக அந்த ஜிப்சம் அடுக்கைப் பெயர்த்தெடுத்துவிட்டால் குயீக்கு வேலை இல்லை. பிறகு குழியை மூடி எத்தனை மரம் நட்டாலும் ஜிப்சம் அடுக்கு திரும்பி வராது.

நெய்வேலியின் கதையும் நிலத்தடி நீரின் கதைதான், எதிர்த்திசையில். நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அதைப் பகலிரவு பாராமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் பிளக்காமல் இருக்கும். ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து ஆறு கன மீட்டர் மேல்மண்ணை அள்ளிக் குவிக்க வேண்டும். மழை குறைந்த பிகானேரில் இந்தச் சிக்கல் தலைகீழாகிறது: அங்கே மின் நிலையத்துக்குத் தேவையான நீரைப் பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து 649 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டப்பட்ட இந்திரா காந்தி கால்வாயிலிருந்து பெற வேண்டியிருக்கிறது. குடிக்கவும் பயிர் செய்யவும் பாலைவன மக்கள் நம்பியிருப்பதும் அதே கால்வாயைத்தான். ஆக, பாலைவனத்தில் தோண்டினால் தண்ணீருக்கு நஷ்டமில்லை என்ற கணக்கு எங்கே நிற்கிறது?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை ஒதுக்கித் தள்ள முடியாது. முப்போகம் விளையும் வண்டலும், மழை பெய்தால் ஒரு போகம் கம்பு தரும் மணலும் சமமா என்று கேட்பார்கள். விளைச்சலில் சமமில்லை. காவிரி டெல்டாவுக்குத் தனிக் காப்பு வேண்டும் என்பதால்தான் 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்று நிலக்கரிப் பகுதிகளை ஏலப் பட்டியலிலிருந்து ஒன்றிய அரசு எடுத்ததும் சரியான முடிவே. ஆனால் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால், விளைச்சல் குறைந்த நிலத்தில் வாழ்கிறவன் எப்போதும் தோற்பான். வறண்ட நிலத்தில் ஒரு குடும்பம் பிழைக்கக் கூடுதல் நிலம் வேண்டும், அதிலும் பெரும்பகுதி மேய்ச்சல் பொதுநிலமாக இருக்கும். வளையமாதேவியில் பட்டா இருந்தது. அதனால் இழப்பீடு என்ற பேச்சாவது வந்தது, நீதிமன்றத்தில் நிற்க ஒருவருக்கு உரிமை இருந்தது. ஊர்ப் பொதுவில் ஆடு மேய்த்தவனிடம் காட்டுவதற்குக் காகிதமே இல்லை. அவன் இழந்ததை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவார்கள்? நம் ஊர் மேய்க்கால் புறம்போக்குக்கு என்ன கதி ஆனதோ அதுதான் அங்கேயும்.

நிலக்கரியை விட்டுவிட்டுச் சூரிய மின்சாரத்துக்கு மாறினால் பிரச்சினை தீரும் என்பது இன்னொரு மறுப்பு. மாற வேண்டும், விரைவாகவே மாற வேண்டும். ஆனால் காலி இடம் என்ற எண்ணம் அங்கேயும் கூடவே போகிறது. ராஜஸ்தானின் பலோடி பக்கத்துப் பட்லா சூரியப் பூங்கா 2,245 மெகாவாட் திறனுடையது. ஏறத்தாழ 14,000 ஏக்கரில் பரவியிருக்கிறது. பிகானேரில் சூரியத் திட்டங்களுக்காகக் கேஜ்ரி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து பிஷ்னோய் மக்கள் போராடுகிறார்கள். கேஜ்ரி வேறெதுவும் இல்லை, நம் வன்னிதான். விருத்தாசலம் கோயிலின் தல மரம். தழை ஆட்டுக்கு, காய் குழம்புக்கு. நிழலில் கம்பும் வளரும். 1730-ல் ஜோத்பூர் அரண்மனைக்காக அந்த மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி தொடங்கி 363 பிஷ்னோய்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர் கொடுத்தார்கள். அந்த மக்களின் மண்ணை யாருக்கும் வேண்டாத இடம் என்று இங்கிருந்து சொல்ல நமக்கு என்ன உரிமை?

அங்குள்ளவர்களுக்கும் வேலை வேண்டாமா என்பார்கள். வேண்டும். நெய்வேலி நகரியம் ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தூக்கிவிட்டது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர வேலை கேட்டு இன்றும் போராடுவதும் அதே நெய்வேலியில்தான். வேலை தருவோம் என்ற வாக்கு எழுத்தில் இல்லாமல் போனால் அரை நூற்றாண்டுக்குப் பிறகு என்ன ஆகும் என்று பர்சிங்சர் மக்களுக்கு நம்மைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இல்லை.

அதனால் கேட்க வேண்டியது வேறு. சுரங்கமோ சூரியத் தகடோ, எந்த நிலத்தில் வந்தாலும், முதலில் அந்த ஊரின் நீர் எங்கிருந்து வருகிறது, எதைப் பெயர்த்தால் அது அறும் என்ற வரைபடம் ஊர் மக்களின் மொழியில் கிராம சபை முன் வைக்கப்பட வேண்டும். பட்டா நிலத்தோடு பொதுநிலத்துக்கும் இழப்பீட்டுக் கணக்கு இருக்க வேண்டும். பயிர் நிற்கும்போது இயந்திரம் இறங்கக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். புதிய சூரியத் தகடுகள் ஏற்கெனவே தோண்டிச் சிதைத்த மண்மேடுகளையும் கைவிட்ட சுரங்க ஓரங்களையும் முதலில் நிரப்ப வேண்டும். ராஜஸ்தானில் ஓரண் எனப்படும் கோயில் காடுகளை அடையாளம் கண்டு வனமாக அறிவிக்கும்படி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கணக்கெடுப்பு முடியும்வரை அந்த நிலங்களில் புதிய குத்தகை எதுவும் கூடாது என்று கேட்கும் குரல்களில் வளையமாதேவியின் குரலும் சேர வேண்டும். இரண்டு இடத்திலும் நிறுவனம் ஒன்று, அதன் பெரும்பான்மைப் பங்குதாரரான ஒன்றிய அரசும் ஒன்று.