அறுபது வெறும் பழக்கமா?

கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறவர்களிடம் ஒரு வாதம் கேட்பதுண்டு: நாழிகை, விநாடி எல்லாம் பழைய பழக்கம், தசமத்தில் எழுதினால் கணக்கு சுத்தமாக இருக்கும்.

கணக்கு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

வாக்கிய முறை ஆரியபட்டரைப் பின்பற்றிக் கொள்ளும் ஆண்டின் அளவு 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. 60 தற்பரை ஒரு விநாடி, 60 விநாடி ஒரு நாழிகை, 60 நாழிகை ஒரு நாள். நாள் போக மிஞ்சுவது 149/576. இதைத் தசமத்தில் எழுதிப் பாருங்கள்: 0.25868055555... ஐந்துகள் முடிவதே இல்லை. எங்கே வெட்டினாலும் பிழை. அறுபதடிமானத்திலோ மூன்றே இடத்தில் மீதியின்றி முடிகிறது. காரணம் எளிது. 576இன் காரணிகளில் 3 உண்டு. பத்துக்கு 3 இல்லை, அறுபதுக்கு உண்டு. நாளில் மூன்றிலொன்று சரியாக 20 நாழிகை என்பதும் அதனால்தான்.

அறுபது எல்லாவற்றையும் தீர்க்காது. ஏழிலொன்று அங்கும் 8, 34, 17 என்று சுழன்றுகொண்டே இருக்கும்.

வாக்கிய ஆண்டு இன்றைய நட்சத்திர ஆண்டைவிட மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் நீளம் என்பதும் உண்மை. இக்கால வானியல் அளவுகளைக் கொண்டு கணிக்கும் திருக்கணிதக்காரர் அதைச் சுட்டினால் ஏற்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் குறை அளந்த மதிப்பினுடையது. அதே அறுபதில் புதிய மதிப்பையும் எழுதலாம்.