மோவாய்க்கு ஒரு கவசம்

நம்முடைய பஸ் பிரயாணி மேல் ஒரு பழி இருக்கிறது. கொரோனாக் காலத்தில் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முகக்கவசத்தை மூக்குக்குப் போடாமல் மோவாய்க்குப் போட்டார். தள்ளி நிற்கச் சொன்னால் ஒட்டி நின்றார் என்பது அந்தப் பழி. பத்திரிகைகள் படம் போட்டுக் காட்டின. காரில் போகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இந்த ஜனங்கள் திருந்தவே மாட்டார்கள்" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். பழி பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதைதான். மீதிப் பாதியையும் பார்த்துவிடுவோம்.

சென்னை நகர பஸ்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் கடைசியில் நின்ற பஸ்கள் செப்டம்பர் 1-ம் தேதிதான் மறுபடி ஓடத் தொடங்கின. ஏறும்போது அநேகமாக எல்லார் முகத்திலும் கவசம் இருந்தது. கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அப்பால் நகர்ந்தாரோ இல்லையோ, அது மெள்ள இறங்கி மோவாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். செக்கிங் ஆள் ஏறினால் மறுபடி மூக்குக்கு ஏறும். இந்த நாடகத்தை வேறெங்கோ பார்த்தமாதிரி இல்லையா? டிக்கெட் விஷயத்தில்தான்! நம் பிரயாணி முகக்கவசத்தையும் இன்னொரு டிக்கெட்டாக நினைத்துவிட்டார். கேட்டால் காட்டவேண்டியது, கேட்காதபோது சட்டைப் பையில் கிடக்கலாம்.

அப்படி நினைக்கச் சொல்லிக்கொடுத்தது யார்? அதே செப்டம்பரில், முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்று சர்க்கார் விதி செய்தது. 2022 ஜனவரியில் அது 500 ரூபாய் ஆயிற்று. அபராதமே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அபராதம் வந்ததும், சங்கதி வியாதியை விட்டுப் போலீசுக்குப் போய்விட்டது. "அதோ நிற்கிறாங்க, போட்டுக்கோ போட்டுக்கோ" என்ற பேச்சைக் கேட்காதவர் உண்டா? "பக்கத்திலே பெரியவர் உட்கார்ந்திருக்கார், போட்டுக்கோ" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கண்டக்டர் பாடு மகா திண்டாட்டம். "ஐயா, கொஞ்சம் மூக்கை மூடுங்க" என்பார். "நீ டிக்கெட்டைக் குடுப்பா, அதுதான் உன் வேலை" என்று பதில் வரும். ஆயுசெல்லாம் எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்துப் பழகிய விரலை அடக்கிக்கொண்டு, நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான முகங்களுக்கு எதிரில் நின்ற மனிதர் அவர்.

பயந்ததிலும் ஒரு வேடிக்கை. பின்னால் இருப்பவர் நீட்டும் சில்லறையை ஐந்து கை மாற்றிக் கண்டக்டரிடம் சேர்ப்பது நம் ஊர் பஸ்ஸின் பழைய மரியாதை. அந்தக் காசைத் தொட ஜனங்கள் பயந்தார்கள். கம்பியைப் பிடிக்கவும் பயந்து, இறங்கியதும் கையில் மருந்தைத் தேய்த்துக்கொண்டார்கள். ஆனால் நாலு துளி மழை விழுந்ததும் ஜன்னல் ஷட்டரையெல்லாம் தடதடவென்று இறக்கிவிட்டு, அடைத்த பெட்டிக்குள் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு போனார்கள்! அவர்களைக் குற்றம் சொல்வானேன்? 2020 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனமே இது காற்றில் பரவும் வியாதி அல்ல என்றுதான் சொல்லிற்று. காற்று வழியாகவும் பரவும் என்று தெளிவாக ஒப்புக்கொண்டது 2021-ல். அதற்குள் சீட்டைக் கழுவுவதும் கையைக் கழுவுவதும் மனத்தில் பதிந்துவிட்டன. "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்ற செலவில்லாத வார்த்தை பஸ்ஸுக்குள் ஏறவே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது நெரிசல். 2021 ஏப்ரல் 10 முதல் பஸ்ஸில் நின்றுகொண்டு போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். ஆனால் பஸ்ஸில் நிற்கக்கூடாது என்றால் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் ஓர் அம்மாள், காலை ஆறு மணி முறைக்குப் போகவேண்டியவள், நிரம்பி வரும் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில் முண்டியடித்து ஏறினால் அது அலட்சியமா? ஒருநாள் சம்பளம் போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. புறநகர் ரயில் கதையும் இதுதான். 2020 டிசம்பர் 23-ல் பொதுஜனங்களை அனுமதித்தார்கள். ஆனால் நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டும். நெரிசல் இல்லாத நேரத்தில் வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர்? தள்ளி உட்காரச் சொல்கிற சர்க்கார் தள்ளி உட்கார இடமும் கொடுத்தால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. இடமில்லாத இடத்தில் சொன்னதும், ஜனங்கள் இதுவும் சும்மா ஒரு சடங்கு என்று முடிவு கட்டினார்கள். முகக்கவசமும் அந்தச் சடங்கோடு சேர்ந்துகொண்டது.

இது நமக்கு மட்டுமே உள்ள குணம் என்று யாரும் தலைகுனிய வேண்டாம். 1918-ல் விஷக் காய்ச்சல் உலகத்தைச் சூறையாடியபோது, அமெரிக்காவின் ஸியாட்டில் நகரத்தில் முகமூடி இல்லாதவரை டிராம் வண்டியில் ஏற்றக்கூடாது என்று வைத்திருந்தார்கள். சான்பிரான்ஸிஸ்கோவில் முகமூடி போடாதவர்களுக்கு அபராதம் விதித்தார்கள், ஜெயிலிலும் போட்டார்கள். விளைவு? 1919 ஜனவரியில் அங்கே முகமூடி எதிர்ப்புச் சங்கம் என்றே ஒன்று கிளம்பிற்று! நம் பிரயாணி சங்கம் எதுவும் வைக்கவில்லை, மோவாயோடு நிறுத்திக்கொண்டார்.

அதே 1918-ல் நியூயார்க் சுகாதாரக் கமிஷனர் ராயல் கோப்லாண்ட் வேறு வழி பார்த்தார். கடை ஒரு நேரம், ஆபீஸ் ஒரு நேரம், தியேட்டர் ஒரு நேரம் என்று திறக்கவும் மூடவும் அட்டவணை போட்டார். பாதாள ரயிலில் எல்லாரும் ஒரே மணிக்கு வந்து விழக்கூடாது என்பது அவர் எண்ணம். பிரயாணி தலையில் பாரத்தைப் போடாமல் முதலாளிகள் தலையிலும் கொஞ்சம் போட்டார்.

அந்தக் காரியத்தை நம் ஊரில் இப்போதே செய்து வைக்கலாம், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பாங்கு எத்தனை மணிக்கு, கம்பெனி எத்தனை மணிக்கு, சர்க்கார் ஆபீஸ் எத்தனை மணிக்கு, காலை எட்டிலிருந்து பத்துக்குள் எந்த டிப்போவிலிருந்து கூடுதலாக எத்தனை பஸ் என்று ஒரு கணக்குப் போட்டு மந்திரிகளும் அதிகாரிகளும் அச்சிட்டு வெளியிடட்டும். பிரயாணியின் மோவாயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.