'நிறுத்து' என்பதைக் கண்ணுக்குச் சொல்லுங்கள்

இரண்டாம் படிவத்தில் படித்தபோது பள்ளியின் டேக்குவாண்டோ கழகத்தில் சேர்ந்தேன். மூன்றாவது வாரமே பயிற்றுநர் என்னைத் தனியாக அழைத்து, வேறு கழகத்துக்கு மாறிக்கொள்ளச் சொன்னார். காரணத்தை அவர் மறைக்கவில்லை. "நிறுத்து என்று நான் கத்தினால் உனக்குக் கேட்காது. யாருக்காவது அடிபட்டால் யார் பதில் சொல்வது?" என்று மலாயில் கேட்டார். அடுத்த வாரம் நான் சதுரங்கக் கழகத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே யாரும் கத்துவதில்லை. யாரும் யாரையும் உதைப்பதுமில்லை.

எனக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. நான்கு வயதில் வந்த மூளையுறைக் காய்ச்சலின் மிச்சம் அது. காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு, எதிரே இருப்பவரின் உதட்டையும் பார்த்தால் பேச்சு ஓரளவு புரியும். கருவியைக் கழற்றிவிட்டால், பக்கத்தில் லோரி ஹாரன் அடித்தால்தான் ஏதோ சத்தம் என்று தெரியும். 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்ற பழமொழியைத் தமிழ் வகுப்பில் படித்த நாளில் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

இங்கே ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்றுநரின் பயம் வெறும் கற்பனை அல்ல. இரண்டாவது வாரப் பயிற்சியில் அவர் "காலியோ" என்று கத்தியிருக்கிறார். விலகு என்று பொருள். என் எதிரே நின்ற தோழி கையை இறக்கிவிட்டாள். எனக்குக் கேட்கவில்லை. நான் விட்ட உதை அவள் விலாவில் பட்டது. இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே "யார் பதில் சொல்வது" என்ற கேள்வி நியாயமானதுதான். அந்தக் கேள்விக்கு 'இவளை வெளியே அனுப்பு' என்பது மட்டும்தான் பதிலா? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கோவில் திடலில் கற்றது

அந்த ஆண்டு இறுதி விடுமுறைக்கு ஜாசின் பக்கத்தில், தோட்டத்தில் இருந்த பாட்டி வீட்டுக்குப் போனோம். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டாலும், மாரியம்மன் கோவிலும் அதன் முன்னே உள்ள திடலும் அப்படியே இருந்தன. மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக் கொடுப்பார்கள். ஆசான் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். என் அம்மா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "கம்பு பிடிக்கிற பிள்ளை கண்ணைத்தான்மா பார்க்கணும். காதை வச்சு என்ன செய்யப் போகுது?"

சொல்வது எளிது. முதல் நாள் அவரும் பழக்கத்தில் பின்னால் நின்றுகொண்டு எண்ணிக்கையைக் கத்தினார். எல்லாரும் வலப்பக்கம் திரும்ப, நான் இடப்பக்கம் திரும்பி அடுத்தவள் கம்பில் மோதினேன். மறுநாள் ஆசான் இடத்தை மாற்றினார். கோவில் விளக்கின் வெளிச்சம் தன் முகத்திலும் கையிலும் விழும்படி எங்களுக்கு எதிரே வந்து நின்றார். எண்ணிக்கையை விரலால் காட்டினார். பிறகு ஒரு விதி வைத்தார்: அவர் இரண்டு கையாலும் கம்பைத் தலைக்கு மேலே தூக்கினால் எல்லாரும் நிறுத்த வேண்டும், முதலில் பார்த்தவர் தன் கம்பையும் அப்படியே தூக்க வேண்டும். ஜோடியாகச் சண்டை போடும்போது கம்பின் நுனியைத் தரையில் ஊன்றினால் 'போதும்' என்று பொருள்.

இந்த விதி எனக்காக வந்தது. ஆனால் அதனால் பலன் பெற்றவள் நான் மட்டும் அல்ல. பக்கத்துச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகும்போதும், கோவிலில் மேளம் அடிக்கும்போதும் மற்றப் பிள்ளைகளுக்கும் ஆசான் குரல் கேட்காது. கம்பு மேலே போனால் எல்லாருக்கும் தெரிந்தது.

சிலம்பத்தைக் கவனித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. சலாம் வரிசையில் தொடங்கும்போதே பேச்சு முடிந்துவிடுகிறது. எதிராளியின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் காலில் எடை இருக்கிறது, அடி எங்கிருந்து வரப்போகிறது என்பதைக் கண் பார்க்கிறது. கம்பும் கம்பும் மோதும்போது எவ்வளவு வேகம், எவ்வளவு பாரம் என்பதை உள்ளங்கை சொல்கிறது. கத்துவது கற்றுக்கொடுக்கும் முறை, கலை அல்ல. முறையை மாற்றலாம்.

எல்லாமே சுலபமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். உள்காதில்தான் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் இருக்கிறது. காய்ச்சல் கேட்கும் திறனோடு அதையும் கொஞ்சம் கெடுத்துவிட்டது. வேகமாகச் சுழன்று நிற்கும்போது மற்றவர்களைவிட எனக்குத் தடுமாற்றம் அதிகம். காலடி வைப்பை நான் இரண்டு மடங்கு நேரம் பயின்றேன். வியர்வை பட்டால் கருவி கெட்டுவிடும். சில ஆயிரம் ரிங்கிட் விலையுள்ள பொருளை அம்மா ஒரு டின்னில் போட்டு மடியில் வைத்துக்கொள்வார். திடல் விளக்கு அணைந்தாலோ எனக்குக் காதும் சேர்ந்து அணைந்துவிடும். ஒரு முறை மின்தடை வந்தபோது நான் கம்பைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டேன். அதையும் ஆசான் ஒரு விதியாக்கினார்: இருட்டினால் எல்லாரும் உட்கார வேண்டும்.

ஒரு பயில்வானின் கதை

என் கதை சிறியது. இந்தியாவின் ஹரியானா மாநிலத்து மல்யுத்த வீரர் வீரேந்தர் சிங்கின் கதை பெரியது. பிறவியிலேயே காது கேளாதவர் அவர். 'கூங்கா பெஹல்வான்', அதாவது ஊமைப் பயில்வான் என்றுதான் ஊர் அவரை அழைத்தது. கிராமத்து மல்யுத்தக் களங்களில் காது கேட்கும் பயில்வான்களோடு மோதி வளர்ந்தவர். 2002இல் இளையோருக்கான தேசியச் சுற்றில் வென்றும், காது கேளாமையைக் காரணம் காட்டி அவரை உலகப் போட்டிக்கு அனுப்பவில்லை என்று அவரைப் பற்றிய செய்திகள் கூறுகின்றன. பதினான்கு வயதில் என்னிடம் சொல்லப்பட்டதும் அதே காரணம்தான்.

பிறகு அவர் காது கேளாதோருக்கான டெஃப்லிம்பிக்ஸ் போட்டிக்குப் போனார். 2005இல் மெல்பர்னில் தங்கம். 2009இல் தைப்பேயில் வெண்கலம். 2013இல் சோஃபியாவிலும் 2017இல் துருக்கியின் சம்சுன் நகரிலும் மீண்டும் தங்கம். 2021 நவம்பரில் பத்மஸ்ரீ விருது பெற்றார். விருது வாங்கிய கையோடு டில்லியிலுள்ள ஹரியானா பவனின் வெளியே நடைபாதையில் பதக்கங்களோடு போய் உட்கார்ந்தார். மற்ற மாற்றுத்திறனாளி வீரர்களுக்குக் கிடைக்கும் அதே அங்கீகாரம் காது கேளாத வீரர்களுக்கும் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அந்தப் படத்தைப் பார்த்தபோது, பதக்கம் வாங்கினால் மட்டும் கதவு திறந்துவிடாது என்று எனக்குப் புரிந்தது.

டெஃப்லிம்பிக்ஸ் என்றதும் பலர் அதைப் பாராலிம்பிக்ஸின் ஒரு பகுதி என்று நினைக்கிறார்கள். அல்ல. அது 1924இல் பாரிஸில் தொடங்கியது. முதல் பாராலிம்பிக்ஸ் நடந்ததோ 1960இல். இதில் கலந்துகொள்ள, நன்றாகக் கேட்கும் காதிலும் குறைந்தது 55 டெசிபல் கேட்புத்திறன் இழப்பு இருக்க வேண்டும். போட்டிக் களத்தில் காதொலிக் கருவி அணியக் கூடாது. விசிலுக்கும் துப்பாக்கி ஒலிக்கும் பதிலாக விளக்கும் கொடியும் கையசைவும் வைத்துக்கொள்கிறார்கள். மல்யுத்தம் பல ஆண்டுகளாக அங்கே இருக்கிறது. ஜூடோ, கராத்தே, டேக்குவாண்டோ மூன்றும் 2009இல் சேர்ந்தன. 2025 நவம்பரில் தோக்கியோவில் நடந்த போட்டியிலும் இவை இடம்பெற்றன.

இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். களத்தில் இருக்கும் இருவருக்குமே கேட்காது. இருவருமே முழு வேகத்தில் உதைக்கிறார்கள், தூக்கி எறிகிறார்கள். நடுவர் நிறுத்துகிறார், நிற்கிறார்கள். காது கேளாதவர் தற்காப்புக் கலை பழகுவது ஆபத்து என்றால், இந்தப் போட்டி இத்தனை முறை நடந்திருக்க முடியாது.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2022 மே மாதம் பிரேசிலின் காஷியாஸ் டோ சுல் நகரில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில் மலேசியாவுக்குக் கராத்தேயில் தங்கம் வென்று தந்தவர் வி. இளமாறன். நம் பிள்ளை ஒருவர் உலக மேடையில் நின்றார். ஆனால் அவர் பெயரைக் கேட்டால் என் வகுப்புத் தோழர்களில் எத்தனை பேர் கை தூக்குவார்கள்?

சலுகை அல்ல

மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையை நமக்குத் தருகிறது. மலேசியச் சைகை மொழியை அங்கீகரிப்பதும் அதே சட்டம்தான். 2010இல் மலேசியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. ஒப்பந்தத்தின் 30ஆவது விதியும் இதையே சொல்கிறது. ஆகவே ஒரு மாணவர் கழகத்தில் சேர வந்தால், 'சேர்க்கலாமா' என்று கேட்பது தவறான கேள்வி. 'எப்படிச் சேர்ப்பது' என்றுதான் கேட்க வேண்டும்.

மாணவருக்கு இதில் நட்டமும் உண்டு. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு இருப்பது உங்களுக்குத் தெரியும். நடுவில் கழகம் மாறியவர் புதிய இடத்தில் பதவியும் இல்லாமல் போட்டியும் இல்லாமல் கடைசியில் நிற்பார்.

'காது கேளாதவர்களுக்குத் தனி வகுப்பு வைத்தால் என்ன?' என்று கேட்கலாம். சைகை மொழியையே தாய்மொழிபோலப் பேசுவோருக்கு, அம்மொழி தெரிந்த பயிற்றுநரிடம் கற்பது பெரிய வரம். பல்கலைக்கழகம் வந்த பிறகே சைகை மொழி கற்கத் தொடங்கிய எனக்கும் அதன் அருமை இப்போது தெரிகிறது. ஆனால் மெர்லிமாவில் ஒருவர், அலோர் காஜாவில் ஒருவர், ஏதோ ஒரு தோட்டத்தில் இன்னொருவர் என்று சிதறி இருப்பவர்களுக்குத் தனி வகுப்பு எப்போது வரும்? அதுவரை பக்கத்தில் இருக்கும் வகுப்புதான் வகுப்பு. அதன் கதவு திறந்திருக்க வேண்டும்.

பயிற்றுநர்களுக்கு ஒரு வார்த்தை. உதட்டைப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். கண்ணாடி முன் நின்று 'பாடு' என்றும் 'மாடு' என்றும் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும். தெரிந்த மொழியிலேயே இந்தக் கதி என்றால், கொரிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் வரும் கட்டளைகளை உதட்டில் எப்படிப் படிப்பது? முதல் நாளே அவற்றை எழுதிக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கையசைவை முடிவு செய்யுங்கள்.

காது கேட்காத, அல்லது குறைவாகக் கேட்கும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பயிற்றுநரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று காத்திருக்காதீர்கள். டேக்குவாண்டோவில் நான் செய்த தவறு அதுதான். கருவியை முடியால் மறைத்துக்கொண்டு, கேட்டதுபோலத் தலையாட்டினேன். என் தோழியின் விலாவில் பட்ட உதையில் என் பங்கும் இருக்கிறது.

இந்தப் பருவத்தில் பல்கலைக்கழகத்தின் டேக்குவாண்டோ வகுப்பில் மீண்டும் சேர்ந்தேன். முதல் நாளே பயிற்றுநரிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். அதில் நான்கு வரிகள்: எனக்கு எதிரே நின்று பேசுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். நிறுத்த வேண்டுமானால் கையை உயர்த்துங்கள், எல்லாரும் அதைப் பார்த்து நிற்கட்டும். சண்டைப் பயிற்சியில் நடுவர் எங்கள் இருவரின் தோளையும் தொட்டு விலக்கட்டும்.

அவர் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு நிமிர்ந்து, நான் பார்க்கும்படி மெதுவாகக் கேட்டார்: "இடது கையா, வலது கையா?"

ஆறு ஆண்டுகளுக்கு முன் யாராவது என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. உங்கள் கழகத்திலும் என்னைப் போன்ற ஒருவர் வரிசையின் கடைசியில் நின்று, மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துக் காலை எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாம். அடுத்த பயிற்சியில் அவர் எதிரே போய் நின்று, அதைக் கேளுங்கள்.