ஹீரோ அழுதா உங்களுக்கு என்ன பிரச்சனை?

இந்தப் பதிவுக்கு ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ஆட்டோ வரும்னு தெரிஞ்சேதான் எழுதறேன். பசங்க ஒரு ஆட்டோ, பெரியவங்க ஒரு ஆட்டோ. வரட்டும்.

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாக்பூர்ல எங்க சொசைட்டில இருக்கற நாலு தமிழ்க் குடும்பமும் எங்க வீட்டுல கூடியிருந்தோம். தங்கமணி பஜ்ஜி போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஹால்ல பெரியவங்க டி.ஏ., டிரான்ஸ்ஃபர் லிஸ்ட்னு வழக்கமான புராணம். உள் ரூம்ல, ஒன்பதாவது படிக்கிற என் பையன் மத்த பசங்களுக்கு 'கெனிச்சி'ங்கற ஜப்பான் அனிமே தொடரைப் போட்டுக் காட்டிக்கிட்டு இருந்தான். பள்ளிக்கூடத்துல நடக்கற தற்காப்புக் கலைக் கதை.

அரை மணி நேரத்துல உள்ளேர்ந்து ஒரு தீர்ப்பு வந்துது. "என்னடா ஹீரோ இவன்? சும்மா அழுதுக்கிட்டே இருக்கான், அடி வாங்கறான், ஓடறான். வேற போடுடா."

அதே நேரம், ரயில்வேல இருக்கற மாமா ஒருத்தர் கதவுகிட்ட நின்னு எட்டிப் பார்த்துட்டு இன்னொரு தீர்ப்பு சொன்னார். "இதையெல்லாம் பார்த்துத்தான் இந்தக் காலத்துப் பசங்க கை நீட்டறானுங்க. மொதல்ல இதைத் தடை பண்ணணும் சார்."

பையன் ஒண்ணும் பேசாம டிவியை ஆஃப் பண்ணிட்டான். எனக்குத்தான் சுர்ருன்னு ஏறிச்சு. பஜ்ஜி சாப்பிட வந்தவங்களோட சண்டை போட முடியாதே... அதனால இங்க போடறேன்.

முதல்ல விஷயம் தெரியாதவங்களுக்கு. ஷுன் மாட்சுஎனாங்கறவர் 2002லேர்ந்து 2014 வரைக்கும் ஜப்பான்ல 'ஷோனென் சண்டே' வாரப் பத்திரிகைல வரைஞ்ச காமிக்ஸ் இது, மொத்தம் 61 தொகுதி. 2006 அக்டோபர்லேர்ந்து 2007 செப்டம்பர் வரைக்கும் டிவி டோக்கியோல 50 எபிசோடா வந்துது. கெனிச்சின்னு ஒரு பையன். புத்தகப் புழு. செடி வளர்க்கறது பிடிக்கும். பள்ளிக்கூடத்துல கராத்தே கிளப்ல சேர்ந்து அங்க எடுபிடியாத்தான் இருக்கான். பெரிய பசங்க மட்டம் தட்டறாங்க. புதுசா வந்து சேர்ற மியூங்கற பொண்ணு அவனைத் தன் தாத்தாவோட பயிற்சிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறா. பேர் ரியோசான்பாகு. பழைய சீன நாவல்ல 108 வீரர்கள் கூடுவாங்களே லியாங்ஷான் சதுப்பு நிலம், அந்தப் பேரோட ஜப்பான் உச்சரிப்புதான் இது. அங்க கராத்தே, ஜுஜுட்ஸு, தாய் குத்துச்சண்டை, சீனக் குங்ஃபூ, ஆயுதம்னு ஆளுக்கொரு கலைல கரை கண்ட அஞ்சு ஆசான்கள். அவங்களுக்கு மேல மியூவோட தாத்தா. ஆறு பேரும் சேர்ந்து இந்த ஒரு சோதாப் பையனைத் தயார் பண்றாங்க. இதான் கதை.

நான் 50 எபிசோடும் சப்டைட்டிலோட பார்த்தேன். (மார்ச் இயர் எண்டிங் முடிஞ்ச கையோட. தங்கமணி பார்த்த பார்வையை இங்க எழுத முடியாது.)

இப்போ பசங்க சொல்ற குற்றச்சாட்டுக்கு வரேன். ஹீரோ வீக், அழறான். நரூட்டோ எப்படி, இச்சிகோ எப்படி, லூஃபி எப்படின்னு கேக்கறாங்க.

சரி கண்ணுங்களா, அதையே எடுத்துப்போம். நரூட்டோ யாரு? ஊருக்கே தலைவரா இருந்த நாலாவது ஹோக்காகே பெத்த பிள்ளை, போதாக்குறைக்கு வயித்துக்குள்ள ஒன்பது வால் நரி. இச்சிகோவோட அப்பா பழைய ஷினிகாமி கேப்டன். லூஃபியோட அப்பா உலகமே தேடற புரட்சித் தலைவர், தாத்தா கடற்படைல பெரிய கை. மூணு பேருமே உழைப்பால உயர்ந்தவங்கன்னுதான் ஆரம்பத்துல சொல்லுவாங்க. கதை பாதி தாண்டினதும் பார்த்தா எல்லாம் ரத்தத்துல இருந்திருக்கு!

கெனிச்சிக்கு ரத்தத்துல ஒண்ணும் கிடையாது. அவன் அப்பா சாதாரண ஆஃபீஸ் உத்யோகஸ்தர். பையனுக்கு ஒண்ணுன்னா வேட்டைத் துப்பாக்கியைத் தூக்கிட்டுக் கிளம்பற பயந்த பேர்வழி. ஆசான்களே அவன் முகத்துக்கு நேரா உனக்குத் திறமை இல்லைன்னு சொல்றாங்க. கடைசி வரைக்கும் அது பொய்னு கதை நிரூபிக்கவே இல்லை. டயரை இடுப்புல கட்டி, அதுமேல ஆசான் உக்காந்துக்க, இவன் இழுத்துக்கிட்டு ஓடறான். அழுதுக்கிட்டே ஓடறான். ஆனா ஓடறான் இல்ல?

பி.காம். படிச்ச எனக்கு இப்படித்தான் சொல்லத் தெரியும். மத்த ஹீரோவெல்லாம் பூர்வீகச் சொத்து வந்தவங்க. இவன் மாசாமாசம் ஆர்.டி. கட்டறவன். ஊரை விட்டு வந்து இங்க உக்காந்திருக்கற நம்மள்ல எத்தனை பேருக்குப் பூர்வீகச் சொத்து இருந்துச்சு? பேங்க் பரீட்சை, ரயில்வே பரீட்சைன்னு மூணு தடவை ஃபெயிலாகி நாலாவது தடவை பாஸானவங்கதானே? நம்ம பிள்ளைங்க ஆர்.டி. கட்டறவனைப் பார்த்துச் சிரிக்கறாங்கன்னா, நம்ம கதையை அவங்களுக்கு நாம சரியா சொல்லலைன்னு அர்த்தம்.

பயிற்சி ரொம்ப இழுவை, சண்டை கம்மின்னு இன்னொரு புகார். மனுஷனை ஆகாசத்துக்குத் தூக்கிப் போடறதெல்லாம் கப்ஸாதான், ஒத்துக்கறேன். ஆனா வரிசை சரியா இருக்கு. ஜூடோல மொதல்ல சொல்லிக் குடுக்கறது அடிபடாம எப்படி விழறதுன்னுதான். குங்ஃபூல குதிரை மேல உக்காந்த மாதிரி முட்டி மடக்கி நிக்கறது ஆரம்பப் பாடம். நம்ம சிலம்பத்துலயும் காலடிதான் முதல்ல. கெனிச்சிக்கும் கால், இடுப்பு, விழறது, அப்புறம்தான் கை. இதைப் போரடிக்குதுன்னு தள்ளி விட்டுப் பார்க்கறவங்களுக்குச் சண்டைக் காட்சில என்ன புரியும்?

அடுத்து ரயில்வே மாமா கட்சி. இதைப் பார்த்துத்தான் பசங்க வன்முறைக்குப் போறாங்களாம்.

மாமா, கோவிச்சுக்காதீங்க. பள்ளிக்கூடத்துக்குள்ள வன்முறையை அனிமேவா கொண்டு வந்துச்சு? அது அங்கதான் இருக்கு. ஜப்பான்ல அதுக்கு இஜிமேன்னு பேரே உண்டு. 2011 அக்டோபர்ல ஓட்சுங்கற ஊர்ல எட்டாவது படிக்கற வயசுல ஒரு பையன் சக மாணவர்களோட கொடுமை தாங்காம உயிரை விட்டான். பள்ளிக்கூடமும் கல்வி வாரியமும் சரியா விசாரிக்கலைன்னு அடுத்த வருஷம் நாடே கொதிச்சுது. அதுக்கப்புறம் 2013ல இதைத் தடுக்கறதுக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க. கெனிச்சி தொடர் வந்தது அதுக்கெல்லாம் முன்னாடி. பலவீனமான பையனைச் சுத்தி நின்னு சிரிக்கற வகுப்பறையை அது அப்பவே காட்டிடுச்சு.

ஜப்பான் வேண்டாம், என் வீட்டுக்கே வாங்க.

என் பையன் ஆறாவது படிக்கும்போது பாதி வருஷத்துல கோயம்புத்தூர்லேர்ந்து இங்க மாத்தல். அவனுக்கு ஹிந்தி எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். "ரோட்டி அச்சா ஹை"ன்னு ஒரு நாள் சொல்லிட்டான். ரோட்டி பெண்பால், "அச்சி"ன்னு சொல்லணுமாம். அன்னிலேர்ந்து வகுப்புல அவன் பேரே அதுதான். டிஃபன் டப்பாவை ஒளிச்சு வைக்கறது, தயிர் சாதத்தைப் பார்த்து மூக்கைப் பொத்தறது, பெஞ்சுலேர்ந்து தள்ளி விடறது. மூணு மாசம் கழிச்சு, தயிர் சாதம் வேண்டாம்மான்னு சொன்னப்பத்தான் தங்கமணி கேட்டுக் கேட்டு வெளில வந்துது. பள்ளிக்கூடத்துல போய்ச் சொன்னோம். பசங்கன்னா விளையாடத்தான் செய்வாங்கன்னு சிரிச்சு அனுப்பிட்டாங்க.

நான் என்ன பண்ணேன்? புது பிராஞ்ச், ஆடிட் நேரம், ராத்திரி ஒன்பது மணிக்கு வருவேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோடா, எல்லாம் சரியாயிடும்"னு சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அப்பாவா நான் பண்ண முழு வேலையும் அந்த ஒரு வாக்கியம்தான்.

அந்த வருஷ லீவுலதான் அவன் கெனிச்சி பார்க்க ஆரம்பிச்சான். நானும் ரயில்வே மாமா மாதிரிதான் கத்தினேன். ஒரு நாள், இதுல அப்படி என்னடா இருக்குன்னு கேட்டேன். அவன் சொன்னான், "கெனிச்சி அடி வாங்கிட்டுப் போனா அங்க எல்லாரும் என்ன ஆச்சுன்னு கேப்பாங்கப்பா."

அன்னிக்குத்தான் நானும் பக்கத்துல உக்காந்து முதல் எபிசோட்லேர்ந்து பார்க்க ஆரம்பிச்சேன்.

அந்த ஆசான்கள்கிட்ட ஒரு விதி இருக்கு. சிஷ்யனோட சண்டைக்குள்ள அவங்க இறங்க மாட்டாங்க. ஆனா எங்கேயாவது மறைஞ்சு நின்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க. திரும்பி வந்தா கட்டுப் போடுவாங்க. ஜுஜுட்ஸு ஆசான் அகிசாமே எலும்பு வைத்தியசாலை நடத்தறவர், குங்ஃபூ ஆசான் மா கென்செய் அக்குபங்சர் பண்றவர். நானும் சண்டைக்குள்ள இறங்கலை. ஆனா நான் பார்க்கவும் இல்லை, கட்டுப் போடவும் இல்லை. வன்முறையைக் கத்துக்குடுக்குதுன்னு நாம திட்டற தொடர்ல இருக்கற பொறுப்பு கூட என்கிட்ட இல்லாம போச்சு. எத்தனை அடி வாங்கினாலும் பொண்ணுங்களை அடிக்க மாட்டேன்னு நிக்கறான் அந்த கெனிச்சி. நம்ம தமிழ்ப் படத்துல காதலியைக் கன்னத்துல அறையற ஹீரோக்களுக்குக் கை தட்டினவங்கதானே நாம?

இதுக்காக இந்தத் தொடரைத் தலைல தூக்கி வச்சு ஆடற ரசிகர்கள் சந்தோஷப்பட வேண்டாம். உங்களுக்கும் இருக்கு. மியூவை அது காட்டற விதம் அசிங்கம். கதைல பெரிய வீராங்கனை, கேமரா மட்டும் அவ முகத்துல நிக்கவே நிக்காது. மா கென்செய் அந்தப் பொண்ணை ஒளிஞ்சு நின்னு போட்டோ எடுக்கறதை காமெடின்னு வச்சிருக்காங்க. "அது ஃபேன் சர்வீஸ் அங்கிள், ஜோக்கா எடுத்துக்கணும்"னு ஒரு பையன் எனக்கு விளக்கம் சொன்னான். பொண்ணுங்களை அடிக்க மாட்டேன்னு சொல்ற ஹீரோவை வச்சுக்கிட்டு, பொண்ணுங்களை இப்படிப் பார்க்கக் கத்துக்குடுத்தா அது ஜோக் இல்லை தம்பி. ஆறாவது படிக்கிற என் பொண்ணு, ஏன்ப்பா இந்த அக்காவை மட்டும் இப்படிக் காட்டறாங்கன்னு கேட்டா. பதிலா நான் சொன்னது, வரைஞ்சவங்க தப்பு பண்ணிட்டாங்க. அதை என் பையனும் கேட்டுக்கிட்டு இருந்தான். கேட்கட்டும்னுதான் சொன்னேன்.

பக்கத்துல உக்காந்திருந்ததால அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிஞ்சுது. ரூம் கதவைச் சாத்திட்டுத் தடை பண்ணியிருந்தா, அவன் மொபைல்ல தனியா பார்த்திருப்பான், அந்தக் காட்சியையும் சேர்த்து.

என் பையன் யாரையும் திருப்பி அடிக்கலை. கெனிச்சி மாதிரி கராத்தே கத்துக்கிட்டு யாரையும் வீழ்த்தவும் இல்லை. ஹிந்தியும் மராத்தியும் மெதுவா வந்துது. ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சாங்க. தயிர் சாதம் இன்னும் பள்ளிக்கூடத்துக்குப் போறதில்லை, வீட்டோட சரி. நான் மட்டும் இப்போ ராத்திரி வந்ததும், மார்க் என்னன்னு கேக்கறதுக்கு முன்னாடி, இன்னிக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறேன். பாதி நாள் ஒண்ணும் இல்லைன்னுதான் பதில் வரும். பரவாயில்லை, ஆர்.டி. தானே.

வெளியூர்ல இருக்கற அப்பா அம்மாக்களே, அனிமேவைத் திட்டறதுக்கு முன்னாடி உங்க பையனோ பொண்ணோ பள்ளிக்கூடத்துல எந்தப் பேர்ல கூப்பிடப்படறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? இன்னிக்கு ராத்திரி கேட்டுப் பாருங்க. பசங்களே, அழற ஹீரோவைப் பார்த்துச் சிரிக்கறதுக்கு முன்னாடி, உங்க வகுப்புல கடைசி பெஞ்சுல தனியா டிஃபன் சாப்பிடற பையன் யாருன்னு திரும்பிப் பாருங்க.

டிஸ்கி 1: சின்னப் பசங்களுக்கு இது வேண்டாம். பெரிய பசங்கன்னா கூட உக்காந்து பாருங்க.

டிஸ்கி 2: ரயில்வே மாமா இதைப் படிக்க மாட்டார்ங்கற தைரியத்துலதான் எழுதினேன். மாமி படிப்பாங்கன்னு தங்கமணி இப்போதான் சொல்றாங்க. அடுத்த ஞாயிறு பஜ்ஜி நம்ம வீட்டுலயே, மாமா. முதல் எபிசோடை முழுசா பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க.