மேகம் மூடினால் காமிராவையும் மூடுவதா?

ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால், விருத்தாசலத்தில் சூரியன் அடிக்கடி விடுமுறை எடுத்துக்கொள்கிறான். வானம் மூடிக் கிடக்கிறது. தெருவெல்லாம் சேறு.

படம் எடுக்கப் பழகும் இளைஞர் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறார். "வெளிச்சம் இல்லை. வெயில் வரட்டும்" என்கிறார். காமிரா பெட்டிக்குள் போகிறது. அக்டோபரில் உள்ளே போன காமிரா பொங்கலுக்குத்தான் வெளியே வருகிறது. அதற்குள் பழகிய கை பழக்கம் மறந்துவிடுகிறது!

அதே ஊரில் பீங்கான் தொழிலாளியும் இருக்கிறார். அவர் அச்சில் வார்த்த பொம்மை நன்றாகக் காய வேண்டும். ஈரத்தோடு சூளைக்குப் போனால் வெடித்துவிடும். மழைக்காலத்தில் காய்வதற்கு நாள் அதிகம் பிடிக்கும். ஆனால் கார்த்திகை விளக்கை மக்கள் கேட்பதும் அந்த மழை மாதத்தில்தான். வெயில் வரட்டும் என்று அவர் சும்மா இருந்தால், வீட்டில் அடுப்பு எரியுமா? கூரைக்குள் அடுக்கி, திருப்பி வைத்து, காத்திருந்து வேலையை முடிக்கிறார்.

உண்மையில் மழை அவருக்குத்தான் எதிரி. படக்காரருக்கு அது நண்பன்!

உச்சி வெயிலில் முகத்தில் கறுப்பு நிழல் விழும். பளபளக்கும் பீங்கானில் வெயில் பட்டால் கண் கூசும். மேகமோ வானத்தில் கட்டிய வெள்ளை வேட்டி போன்றது. வெளிச்சத்தை வடிகட்டி எல்லாப் பக்கமும் பரப்புகிறது. கண்ணின் சுருக்கமும், கை ரேகையில் படிந்த மண்ணும் தெளிவாக விழும். மழையில் நனைந்த கோபுரக் கல்லின் நிறம் ஆழ்ந்து தெரியும்.

1858-ம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் மதுரை, தஞ்சை, ஸ்ரீரங்கம் கோவில்களைப் படம் எடுத்தார். அந்தக் காலத்து முறையில் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். ஆகவே அவர் தம் நெகட்டிவ்கள் சிலவற்றில் மேகத்தைக் கையால் தீட்டிச் சேர்த்தார். அவர் பாடுபட்டு வரைந்த மேகம் இன்று இலவசமாக வருகிறது. அதை வேண்டாம் என்று சொல்லலாமா?

1893-ம் ஆண்டு பிப்ரவரியில், நியூயார்க் தெருவில் கடும் பனிப்புயல். ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் ஒரு சிறிய கைக் காமிராவுடன் 3 மணி நேரம் காத்து நின்றார். பனியைக் கிழித்து வந்த ஒரு குதிரை வண்டியைப் படம் பிடித்தார். உலகம் இன்றும் அந்தப் படத்தைப் பேசுகிறது.

மனம் சோர்ந்தால் என்ன செய்வது? வேலையைச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும். தினமும் 10 நிமிடம். ஒரே இடம். 5 படம். அதில் நல்லது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். மாத முடிவில் 30 படங்கள் சேரும். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கை எவ்வளவு தேறியிருக்கிறது என்பது தெரியும். ஒரு நண்பரும் கூட வந்தால் சோம்பல் ஓடிவிடும்.

விலை உயர்ந்த காமிரா வேண்டாம். செல்போன் போதும். வெளிச்சம் குறைவு என்பதால் கை ஆடக் கூடாது. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெறும் வெள்ளை வானத்தைப் படத்தில் குறைத்துவிட வேண்டும். லென்ஸின் ஈரத்தை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இடி மின்னல் என்றால் வீட்டிலேயே இருக்க வேண்டும். மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்தால், கரைக்கு அப்பால் நின்றே எடுக்க வேண்டும்.

தொழிலாளியைப் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எடுத்த படத்தை அவருக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். வெளியூர் வியாபாரியிடம் காட்ட அது அவருக்கு உதவும்.

வெயில் தை மாதத்தில் தானாக வரும். மழையில் உழைக்கும் அந்தக் கைகளின் படம், இப்போது எடுக்காவிட்டால் அடுத்த ஐப்பசி வரை கிடைக்காது!