கிரீன் கார்டு குலுக்கலா, மாணவர் விசாவா?

ஓசூர் சிப்காட் பக்கம் ஜும்ஆ முடிந்ததும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. அமெரிக்க கிரீன் கார்டு குலுக்கலில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இடமில்லை. ஐந்தாண்டுகளில் 50,000 பேருக்கு மேல் குடியேறிய நாடுகளை அது சேர்ப்பதில்லை. 'பெயர் போட்டுத் தருகிறேன்' என்று ஏஜெண்ட் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் அங்கே பாஸ்போர்ட்டை அல்ல, பிறந்த நாட்டைத்தான் பார்க்கிறார்கள். சவூதியிலோ துபாயிலோ பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு விதிப்படி தகுதி உண்டு. வளைகுடாவில் இருந்து திரும்பிய பல குடும்பங்களுக்கு இது தெரியாது.

மற்றவர்களுக்கு எஃப்-1 மாணவர் விசா. படிப்பு முடிந்து திரும்பி வருவேன் என்று தூதரக அதிகாரியை நம்பவைக்க வேண்டும். அது குடியேற்ற விசா அல்ல. இதற்காக வட்டிக்குக் கடன் வாங்குவதை 'பிள்ளை படிப்புக்குத்தானே' என்று இலேசாக்க என்னால் முடியாது. கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் தரும் பல்கலைக்கழகங்களை முதலில் தேடுங்கள்.