பேட்டி நாற்காலியில் நம் ஆட்கள் உட்காருவது எப்போது?

மும்பையில் நாம் குடியிருக்கும் பகுதியின் பொது நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேட்டி நிகழ்ச்சி நடக்கிறது. வெளியூரிலிருந்து வரும் எழுத்தாளர், ஓவியர், நாடகக்காரர், அல்லது உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரை மேடையில் அமர்த்தி, நூலகத்தார் ஒருவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார். ஒரு மணி நேரம் பேச்சு. பிறகு கூட்டத்திலிருந்து நாலைந்து கேள்வி, ஒரு சால்வை, தேநீர், பிஸ்கட். நல்ல காரியம்தான். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் நூலகம் புத்தகத்தைப் பூட்டி வைத்துக் காவல் காக்காமல், புத்தகம் எழுதியவரையே கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. இதைக் குறை சொல்ல நாம் பேனா எடுக்கவில்லை.

சென்னையிலிருந்து ஒரு நாவலாசிரியர் வந்தபோது நம் சங்கத்திலிருந்து அறுபது பேர் போனோம். பெண்களும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் எழுதுவீர்கள், உங்கள் கதையைச் சினிமாவாக எடுத்தார்களே, திருப்திதானா என்றெல்லாம் கேட்டார்கள். கடைசியில் நம் சாலைச் சேர்ந்த எட்டாம் வகுப்புச் சிறுமி எழுந்தாள். "ஐயா, நீங்க எழுதின எந்தக் கதையிலயாவது தாராவி வருதா?" என்று கேட்டாள். அவர் சற்று யோசித்து, "இல்லையம்மா, எனக்குத் தெரியாததை எப்படி எழுதுவேன்?" என்றார். நேர்மையான பதில். நாமும் கை தட்டினோம். வீடு திரும்பும் வழியில்தான் அது உறுத்த ஆரம்பித்தது. அவருக்குத் தெரியாது, சரி. தெரிந்தவர்கள் அந்தக் கூடத்திலேயே பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களை யார் கேட்டார்கள்?

உள்ளூர்ப் பிரமுகர் என்ற பெயரில் இதுவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களை எண்ணிப் பார்த்தோம். ஒரு கட்டட முதலாளி, இரண்டு டாக்டர், ஒரு நகரசபை உறுப்பினர், ஒரு கிரிக்கெட் பயிற்சியாளர். யாரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் உள்ளூர் என்றால் யார் ஊர் என்று கேட்கிறோம். தாராவியின் சதுப்பு நிலத்தை மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கிக் குடிசை போட்டவர்கள் யார்? தோல் பதனிடும் தொட்டிகளில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம்மவர்கள் இல்லையா? 1924-இல் தாராவியில் ஏற்பட்ட முதல் பள்ளிக்கூடமே தமிழ்ப் பள்ளிக்கூடம். விடியுமுன் அவித்த இட்லியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு இந்த நகரத்தின் பாதிப் பேருக்குக் காலை ஆகாரம் கொடுப்பவர்கள் நம் குடும்பங்கள். இவர்கள் எல்லாம் எந்த ஊர்ப் பிரமுகர்கள்?

நாங்கள் நூலகத்துக்கு மனுக் கொடுத்தோம். தோல் ஷாப்பில் முப்பது வருடம் வேலை செய்த ஒரு பெரியவரைப் பேட்டி காண வேண்டும், தமிழிலே காண வேண்டும் என்று எழுதினோம். மூன்று மாதம் பதில் இல்லை. நேரில் போய்க் கேட்டதும், சரி, மே தினத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாருக்கும் விளங்க வேண்டும், ஆகவே இந்தியில்தான் என்றார்கள். கிடைத்தவரை லாபம் என்று ஒப்புக்கொண்டோம். அது நம் தவறு.

2023 மே 1 அன்று அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். மேடையில் கேள்வி கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டார். எப்போது மும்பை வந்தீர்கள், கஷ்டப்பட்டீர்களா, இப்போது சந்தோஷமா? பெரியவருக்குச் சந்தையில் பேரம் பேசும் அளவு இந்தி வரும். "ஹாஞ்ஜி", "பஹுத் மெஹனத் கியா", "அச்சா ஹை". ஒரு மணி நேரத்துக்கு வைத்த பேட்டி பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. சால்வை போட்டார்கள். படம் எடுத்தார்கள். மிச்ச நேரத்துக்கு ஒரு பள்ளிப் பிள்ளைகள் நடனம்.

அன்று இரவு டீக்கடைப் பெஞ்சில் அவரோடு உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் பேசினார். 1953-இல் பதின்மூன்று வயதில் அத்தை மகனோடு தாதரில் வந்து இறங்கியது, முதல் ராத்திரி உப்புப் போட்ட தோல் கட்டுகளுக்கு நடுவில் படுத்தது, விடிந்ததும் சட்டையை முகர்ந்து பார்த்து அழுதது. தோலை ஊறப்போட்டு, சுண்ணாம்புத் தொட்டியில் இறக்கி, மயிர் கழித்து, சவ்வைச் சீவி, பட்டைச் சாற்றில் போட்டு எடுக்கிற வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொன்னார். "சுண்ணாம்புத் தொட்டியில எறங்குனா மூணு நாளைக்குக் கையால சோறு திங்க முடியாது தம்பி. வெரலு வெந்து கெடக்கும். பொண்டாட்டிதான் ஊட்டி விடுவா" என்றார். அந்தத் தொட்டிக்கு எந்தச் சாதிக்காரன் இறங்கினான், எந்தச் சாதிக்காரன் கரையில் நின்று கணக்கு எழுதினான் என்பதையும் சொன்னார். மேடையில் அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதைச் சொல்ல அவரிடம் இந்தி இல்லை. 1960-களின் கடைசியில் தென்னாட்டாரைத் துரத்து என்ற கூச்சல் இந்த நகரத்தில் எழுந்தபோது, லுங்கி கட்டி ரயிலேறப் பயந்து ஆறு பேர் இரண்டு கால்சட்டையை மாற்றி மாற்றிப் போட்ட கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். கூலி உயர்வுக்காக ஷாப்பை அடைத்து உட்கார்ந்தபோது வீட்டில் அடுப்பெரிய மனைவி இட்லிப் பானை வாங்கியதைச் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

கேட்டோம். தலையாட்டினோம். நம் சட்டைப் பையில் ஆளுக்கொரு செல்போன் இருந்தது. ஒருவருக்கும் அதை எடுத்துப் பதிவு செய்யத் தோன்றவில்லை. அந்த வருடம் செப்டம்பரில் அவர் காலமானார். நூலகத்தில் இருப்பது சால்வை போட்ட படம். பன்னிரண்டு நிமிடப் பதிவுகூட இல்லை, மைக்காரர் அழித்துவிட்டாராம்.

நாங்கள் ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள். ஒரு கூடை மாம்பழம் வந்தாலும் எண் போட்டு, எடை போட்டு, ரசீது கிழித்துத்தான் உள்ளே எடுப்போம். எழுபது வருட உழைப்பை ரசீது இல்லாமல் விட்டுவிட்டோம்.

யார் கேட்கிறார், எந்தப் பேச்சில் கேட்கிறார் என்பதில் என்ன இருக்கிறது, சேதி ஒன்றுதானே என்று சிலர் சொல்லக்கூடும். அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 1936 முதல் 1938 வரை அந்த அரசாங்கம் எழுத்தாளர்களுக்கு வேலை கொடுக்கும் திட்டத்தின் கீழ், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற முதியவர்களில் 2,300 பேருக்கு மேல் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்தது. அத்தனையும் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. எழுதப் படிக்க விடாமல் வைக்கப்பட்ட ஜனங்களின் வாய்மொழி, ஒரு தேசத்தின் தலைமை நூலகத்தில்! பெரிய காரியம். ஆனால் கேள்வி கேட்கப் போனவர்களில் அதிகம் பேர் வெள்ளைக்காரர்கள். சார்ல்ஸ்டன் நகரத்தில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை இரண்டு பேர் தனித்தனியே பேட்டி கண்டார்கள். வெள்ளைக்காரப் பெண் கேட்டபோது எஜமான் நல்லவர் என்று சொல்லியிருக்கிறார். கறுப்பினத்தவர் ஒருவர் கேட்டபோது சவுக்கடியும், தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து விற்றதும், அந்தத் தாய்மாரின் ஓலமும் வெளியே வந்தன. ஒரே மூதாட்டி. ஒரே ஊர். இரண்டும் அதே நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. வேண்டியவர்கள் ஒப்பிட்டுப் படிக்கலாம். நம் பெரியவரின் மேடைப் பேச்சும் டீக்கடைப் பேச்சும் நினைவுக்கு வரவில்லையா?

அதே நாட்டில் 2003-இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்திலேயே ஒரு சிறு பதிவுக்கூடு வைத்தார்கள். தெரிந்தவர்கள் இரண்டு பேர் உள்ளே போய், ஒருவரை ஒருவர் நாற்பது நிமிடம் கேட்டுக்கொள்ளலாம். மகள் தாயைக் கேட்கலாம், தொழிலாளி தோழனைக் கேட்கலாம். சம்மதித்தால் ஒரு பிரதி காங்கிரஸ் நூலகத்துக்குப் போகும். ரயில்வேக்காரர்களான நமக்கு இதைப் படித்தபோது பொறாமையாகத்தான் இருந்தது.

நம் நாட்டில் இல்லாமல் இல்லை. தில்லி தீன்மூர்த்தி நூலகத்தில் 1966 முதல் தேசியத் தலைவர்களையும் போராட்டக்காரர்களையும் பேட்டி கண்டு எழுத்தாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் தலைவர்களுக்குத்தான் இடம். மும்பையிலேயே மீனா மேனனும் நீரா அடார்க்கரும் கிரண்காவ் ஆலைத் தொழிலாளிகளின் வாய்மொழியைத் திரட்டி 2004-இல் புத்தகமாகப் போட்டார்கள். 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தை அதில் சம்பந்தப்பட்டவர்களே பேசுகிறார்கள். இரண்டு பெண்கள் செய்ததை ஒரு பொது நூலகம் செய்ய முடியாதா?

நூலகத்தாரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. நம் சங்கம் என்ன செய்தது? ஊரிலிருந்து கவிஞர் வந்தால் ஆளுயர மாலை. சினிமாக்காரர் வந்தால் பிளெக்ஸ் தட்டி, பட்டாசு, வரவேற்புரைக்கே முக்கால் மணி. வருகிறவர் நம்மைப் பற்றி இரண்டு வரி பாராட்டிவிட்டால் ஒரு மாதம் அதையே பேசுகிறோம். நம் மோரி ஓரத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கும் ஆச்சியிடம், நீங்கள் எந்த வண்டியில் வந்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டதில்லை. படித்த பிள்ளைகளுக்கு அதில் ஒரு வெட்கமும் இருக்கிறது. தாத்தா தோல்தொட்டியில் இறங்கினார் என்று சொன்னால் கல்லூரிச் சிநேகிதர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்தைப் பிள்ளைகள் மேல் போட்டவர்களும் நாம்தான்.

இப்போது அவசரம் வேறு வந்திருக்கிறது. தாராவியை இடித்து மறுபடி கட்டுகிறார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் காட்டினால்தான் உள்ளேயே இலவச வீடு. மற்றவர்கள் வேறெங்கோ. பேட்டி கொடுத்தால் வீடு கிடைக்கும் என்று நாம் யாருக்கும் ஆசை காட்டவில்லை. பேட்டி ரேஷன் கார்டு ஆகாது. அந்தப் போராட்டம் தனி, அதைத் தனியாக நடத்துகிறோம். ஆனால் சந்து போய்விட்டால் சந்தின் பெயரும் போய்விடும். யார் வீட்டுக்கு எதிரே குழாயடி இருந்தது, எங்கே தொட்டி இருந்தது என்று காட்ட அடையாளம் மிஞ்சாது. கிழவர்கள் ஆளுக்கொரு திசையில், ஏழாவது மாடியில், பேச்சுத் துணையின்றிக் கிடப்பார்கள்.

ஆகவே நூலகத்துக்கு மறுபடி மனுக் கொடுக்கிறோம். ஒரு மாதம் வெளியூர் எழுத்தாளர் அல்லது கலைஞர் என்றால் அடுத்த மாதம் இங்கே உழைத்த ஒருவர். அவர் தம் தாய்மொழியில் பேச வேண்டும். தமிழர் என்றால் தமிழ். மராத்தித் தோழர், தெலுங்குத் தோழர், உத்தரப் பிரதேசத்துத் தையல்காரர் யாராயினும் அவரவர் பேச்சு. பக்கத்தில் ஒருவர் நின்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லட்டும், அதற்கு ஆள் நாம் தருகிறோம். கேள்வி கேட்பவர் அந்தத் தொழிலை அறிந்தவராக இருக்கட்டும். பதிவு செய்து, புத்தகத்துக்குப் போடுவது போல் எண் போட்டு, அலமாரியில் வைத்து, கேட்டவர்க்குக் கொடுக்க வேண்டும். சொன்னவர் எதையாவது வெளியிட வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும். முதலாளி உயிரோடிருக்கிறார், பிள்ளை அங்கேயே வேலை செய்கிறான் என்ற சங்கடங்கள் பலருக்கு உண்டு. உலகமே மதிக்கும் நூலக அறிஞர் ரங்கநாதன் சீர்காழியில் பிறந்து, காசியிலும் தில்லியிலும் வேலை பார்த்து, 1972-இல் பெங்களூரில் மறைந்தவர். பிழைப்புக்காக ஊர் ஊராகப் போன தமிழர் அவரும். நூலகம் எல்லாருக்கும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவரின் பெயரை மனுவிலேயே எழுதியிருக்கிறோம்.

மனு ஒருபுறம் நடக்கட்டும். அதுவரை நாம் கை கட்டி இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: பெரியவர்களிடம் போய் 'உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்' என்று கேட்காதீர்கள். வரலாறு என்றதும் வாய் மூடிக்கொள்வார்கள். எந்த ஸ்டேஷனில் இறங்கினீர்கள், கூப்பிட வந்தது யார், அன்று ராத்திரி எங்கே படுத்தீர்கள், முதல் கூலி எவ்வளவு, அதில் ஊருக்கு எவ்வளவு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். நடுவில் மறித்துப் பேசாதீர்கள். அழுதால் போனை அணைத்துவிட்டுத் தண்ணீர் கொடுங்கள்.

அந்தப் பெரியவரின் மனைவியிடம் சென்ற வாரம் போனோம். "எய்யா, நான் என்ன படிச்சவளா, எங்கிட்ட என்னத்தக் கேக்கப் போறிய?" என்றார்கள். அன்று டீக்கடையில் அவர் சொன்னதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவுக சொன்னது பாதிதான். பானை வாங்கக் காசு எங்கேருந்து வந்துன்னு சொன்னாகளா?" என்று கேட்டார்கள். சொல்லவில்லை என்றோம். இட்லி வியாபாரம் முடிந்து பதினொரு மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறார்கள். வரும் ஞாயிறு போகிறோம். வருகிறவர்கள் பத்தரைக்குச் சங்க அறைக்கு வந்துவிடவும். போனில் சார்ஜ் இருக்கட்டும்.